ரத்தம் ஏறும்போது நடுக்கம் வந்தால்: நர்ஸ்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளி நடுங்குகிறார். டாக்டர் வரும்வரை வேகத்தைக் குறைத்து ஓடவிட்டால் போதுமா?
– ஸ்டாஃப் நர்ஸ், களியக்காவிளை

பதில்: போதாது. சாதாரணக் காய்ச்சல் ரியாக்‌ஷனிலும் நடுக்கம் வரும், ரத்தப் பிரிவு மாறிய ரத்தத்திலும் வரும். கட்டிலருகே நின்று இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிரிவு மாறியிருந்தால் ஏறுகிற ஒவ்வொரு மில்லியும் கேடு. முதலில் குழாயை அடைக்கும் கிளாம்பை மூடுங்கள், பிறகு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கையில் குத்தியிருக்கும் கேனுலாவை எடுத்துவிடாதீர்கள், பி.பி. இறங்கியபின் நரம்பு கிடைக்காது. ரத்தம் வரும் குழாயான செட்டை கேனுலாவிலிருந்தே கழற்றி, புது செட்டில் நார்மல் சலைன் போடுங்கள். அவசரத்தில் பலரும் பழைய செட்டிலேயே சலைனை மாட்டுகிறார்கள். குழாயில் நிற்கும் ரத்தமெல்லாம் உள்ளே போய்விடும்.

இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், சிவந்த சிறுநீர் உண்டா என்று பாருங்கள். மலையாளம் பேசுபவர் 'நடுவேதன' என்றால் அதுவும் இடுப்பு வலிதான். மயக்க மருந்தில் இருப்பவர் எதுவும் சொல்லமாட்டார், பி.பி. இறங்குவதும், தையலிடத்தில் ரத்தம் கசிவதுமே அடையாளம்.

உடனே பை லேபிள், கிராஸ்மேட்ச் சீட்டு (ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்த சீட்டு), கேஸ் ஷீட் மூன்றையும் ஒப்பிடுங்கள். கேரள எல்லையிலுள்ள உங்கள் பகுதியில் இனிஷியல் ஒரு தொல்லை: நம் பக்கம் பேருக்கு முன்னால், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். எஸ். ராஜனும் ராஜன் எஸ்.ஸும் ஒரே வார்டில் கிடப்பார்கள். 'ராஜன்தானே?' என்றால் இருவருமே தலையாட்டுவார்கள். 'பேர் என்ன?' என்று கேட்டு அவர் வாயால் சொல்லவைத்து, ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையும் பாருங்கள். பை மாறியிருந்தால் இவருக்குரிய பை இன்னொருவருக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். அங்கேயும் நிறுத்திப் பார்க்க வேண்டும். இது பலருக்கும் தோன்றுவதே இல்லை.

பையைக் குப்பையில் போடாமல் செட்டோடு ரத்த வங்கிக்கு அனுப்புங்கள். மறு கையிலிருந்து எடுத்த புது ரத்த மாதிரிகளும், முதல் சிறுநீரும் தேவை. பிறகு மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்து எழுதுங்கள். கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் குறைந்தால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று உடனே சொல்லுங்கள்.

கேள்வி: குளிர்ந்த பையை வெந்நீரில் வைத்துச் சூடாக்கலாமா?
– நர்சிங் மாணவி, கம்பம்

பதில்: கூடாது. சூடு மிஞ்சினால் சிவப்பணு உடையும். பிரிவு சரியாக இருந்தும் சிறுநீர் சிவக்கும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலையும் அதே குழாயில் சேர்க்காதீர்கள். ஃபிரிட்ஜை விட்டு வந்த பையை 30 நிமிடத்துக்குள் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.