நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இது எனக்கு வராது என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

மருந்துக் கணக்குத் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டதாகவும், வார்டில் கை நடுங்குவதாகவும், கூடப் படிப்பவர்கள் எல்லோரும் தேறிவிட்டதுபோல் தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக இங்கே பதில் எழுதாமல் படித்துவிட்டுப் போய்விடுவேன். இதை அப்படிக் கடந்துபோக முடியவில்லை. நான் 14 வருடமாக நர்ஸ். இரண்டாம் ஆண்டில் விலகல் கடிதம் எழுதி, அதை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் திரிந்திருக்கிறேன்.

உங்களிடம் யாராவது ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று சொல்லியிருப்பார்கள். ‘நீ திறமைசாலிதான், உன் மனம் உன்னை ஏமாற்றுகிறது’ என்பார்கள். 1978ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதியபோது, ஏற்கெனவே சாதித்துவிட்டு அதை நம்ப முடியாமல் தவித்த பெண்களைத்தான் விவரித்தார்கள். நீங்கள் இன்னும் மாணவர். உங்களுக்குச் சில விஷயங்கள் நிஜமாகவே தெரியாது. ‘எனக்கு இது தெரியவில்லை’ என்று மனம் சொன்னால், பாதி நேரம் அது சரியாகத்தான் சொல்கிறது. அதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். எது தெரியவில்லை என்று அதனிடமே கேளுங்கள். நான் அப்படிக் கேட்கத் தவறியதால் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குப் பிபி பார்க்க வரவில்லை. மேல்கையில் சுற்றும் காற்றுப்பட்டையான கஃபைக் கட்டுவேன், காற்றடிப்பேன், ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைப்பேன், ஆனால் ஒன்றும் கேட்காது. 1905ல் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் விவரித்த அந்தத் தட்டும் ஒலி தொடங்குமிடம் மேல் அளவு, மறையுமிடம் கீழ் அளவு. தேர்வுத்தாளில் அழகாக எழுதினேன். காதில் மட்டும் அது விழவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் தோழி ஒரே தடவையில் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள். ‘கேட்கவில்லை’ என்று யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் முந்தைய அளவைப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதிவிடுவேன்.

ஆமாம், பொய்யாகத்தான் எழுதினேன். இதைப் படிக்கும் நர்ஸ்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். அதை நியாயப்படுத்த நான் இங்கே வரவில்லை.

ஒரு மாலை, வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒருவருக்கு நாடி பார்த்தேன், 118. அதை ஒழுங்காக ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். பிபி வழக்கம்போலக் கேட்கவில்லை. 120/80 என்று எழுதினேன். சிறிது நேரத்தில் வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். “காலையில் நாடி 84. இப்போது 118. நானே ஒரு தடவை பார்க்கிறேன்” என்று போனார். பிபி 92/60. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தம் குறையும்போது உடல் முதலில் இதயத்தை வேகமாக அடிக்கவைத்துச் சமாளிக்கும், அழுத்தம் அதற்கப்புறம்தான் இறங்கும். நாடியை நான் சரியாக எண்ணியிருந்ததால்தான் சிஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. அன்றிரவே நோயாளியை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவரைக் கொண்டுபோன பிறகு சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார். “உனக்குச் சத்தம் கேட்டதா?” என்று மட்டும்தான் கேட்டார். இல்லை என்றேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் என் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து என் காதில் மாட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, கழற்றி, திருப்பி மாட்டிவிட்டார். காதில் வைக்கும் முனைகள் மூக்கின் பக்கம் நோக்கி, சற்று முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், காதுத் துவாரம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. நான் ஒரு வருடமாகப் பின்னோக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். முனை காதுச் சுவரில் இடித்து அடைபட்டால் எப்படிக் கேட்கும்? அவர் கையில் கஃபைக் கட்டி வைத்துப் பார்த்தேன். டொக், டொக் என்று தெளிவாகக் கேட்டது. அங்கேயே அழுதுவிட்டேன்.

“இதை உன் டியூட்டரிடம் நீயேதான் சொல்ல வேண்டும்” என்றார். சொன்னேன். சம்பவ அறிக்கை எழுதினார்கள், ஒரு வாரம் வார்டுக்குப் போகக் கூடாது என்றார்கள். முதலில் சொன்ன விலகல் கடிதத்தை எழுதியது அன்று இரவுதான்.

அந்த ஒரு வாரமும் ஸ்கில் லேபில், அதாவது கல்லூரியின் பயிற்சி அறையில், பிபி மட்டும் பார்த்தேன். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றடிப்பது, நாடி மறைந்த இடத்திலிருந்து இன்னும் 30 ஏற்றுவது, பிறகு நொடிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வீதம் இறக்குவது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய பயிற்சி ஸ்டெதாஸ்கோப் ஒன்று இருந்தது. டியூட்டர் ஒரு முனையில், நான் மறுமுனையில். இருவரும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்போம். வாரக் கடைசியில் எங்கள் அளவுகள் 4க்கு மேல் விலகவில்லை. கடிதத்தைக் கொடுக்காமல் இருந்ததற்குக் காரணம் தைரியமோ லட்சியமோ கிடையாது. ‘எனக்கு நர்சிங் வராது’ என்று நான் நம்பிக்கொண்டிருந்தது, உண்மையில் ‘எனக்கு ஸ்டெதாஸ்கோப் மாட்டத் தெரியவில்லை’ என்பதுதான். இரண்டும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

உங்கள் மருந்துக் கணக்கையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். 1000 மில்லி டிரிப், 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், 1000ஐ 20ஆல் பெருக்கி 480ஆல் வகுக்க வேண்டும், நிமிடத்துக்கு 42 சொட்டு. பலர் தவறுவது 8 மணியை நிமிடமாக மாற்ற மறந்துதான். தவறிய இரண்டு விடைத்தாளையும் எடுத்து எந்த வரியில் சறுக்கியது என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே வரியாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கை நடுக்கம் எனக்கு மூன்றாம் ஆண்டு வரை இருந்தது, அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

கூடப் படிப்பவர்கள் தேறிவிட்டார்கள் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு நர்ஸ் வளர்வதை பட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் 1984ல் ஐந்து படிகளாகப் பிரித்தார். அதில் நடுவில் இருக்கும் மூன்றாவது படிக்கே, படிப்பு முடிந்து ஒரே மாதிரியான இடத்தில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவரைத்தான் உதாரணமாகச் சொல்கிறார். உங்கள் வகுப்பில் எல்லோரும் முதல் படியில்தான் நிற்கிறீர்கள். என் தோழி, ஒரே தடவையில் பிபி பார்ப்பவள், சிறுநீர் வடியக் கதீட்டர் குழாய் போடச் சொன்னால் கழிவறையில் ஒளிந்துகொள்வாள் என்பது கடைசி ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது.

கேள்விக்கு வெளியே போகிறேன், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். மாணவர்களை வார்டில் ஆள் பற்றாக்குறைக்கு நிரப்பும் வழக்கம் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். மாதிரிக் குழாயை லேபுக்குக் கொண்டுபோ, ஃபைலை எடுத்து வா, துணியை மாற்று. இதுவும் கிளினிக்கல் மணிக்கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு வருடம் அப்படி ஓடியவள் காதில் ஸ்டெதாஸ்கோப் எப்படி மாட்டியிருக்கிறாள் என்று யார் பார்த்தார்கள்? பிறகு நோயாளியின் முன்னாலேயே ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்பார்கள். தவறு என்னுடையதுதான், அதை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் தெரியாது என்று சொன்னால் அவமானப்படுத்தும் இடத்தில் மாணவர்கள் தெரிந்ததுபோல் நடிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

எல்லோரும் படிப்பைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். எங்கள் வகுப்பில் என்னைவிட நன்றாக வேலை செய்த ஒருத்தி இரண்டாம் ஆண்டில் விலகினாள். அவளுக்கு எல்லாம் வந்தது, பிடிக்கவில்லை. நன்றாகப் போன நாள்களிலும் வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு வெறுமையாகவே இருந்தது. விலகியது அவளுக்குச் சரி. உங்களுக்கு ஒரு நாளாவது, ஒரு நோயாளியின் பக்கத்தில், இங்கே இருப்பது நன்றாக இருக்கிறது என்று தோன்றியதா என்று யோசித்துப் பாருங்கள். தவறிய தேர்வுகளைவிட அது முக்கியம். அப்புறம் இன்னொன்று. படிப்பை மட்டுமில்லாமல் உயிரையே விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால், தூக்கமும் சாப்பாடும் போய்விட்டிருந்தால், இந்தப் பதிலையெல்லாம் விட்டுவிட்டு இன்றே ஒரு மருத்துவரிடமும் நம்பிக்கையான ஒருவரிடமும் பேசுங்கள்.

என் வார்டுக்கு வரும் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன், கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று என்னிடம் வந்து சொல்லுங்கள் என்று. போன மாதம் ஒரு பெண் வந்தாள், முகம் வெளுத்திருந்தது. “மூன்று தடவை பார்த்துவிட்டேன் சிஸ்டர், கேட்கவில்லை.” காதில் சரியாகத்தான் மாட்டியிருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். எனக்கும் கேட்கவில்லை. கஃபில் காற்று கசிந்துகொண்டிருந்தது. வேறு கஃப் எடுத்து அவளையே கட்டச் சொன்னேன். 148/90 என்றாள். நானும் பார்த்தேன், 148/90.