உயிலுக்கு வீடியோ: கேசட்டா, மெமரி கார்டா?

கேள்வி: அப்பா உயில் எழுதுவதை வீடியோ எடுக்கப் போகிறோம். “கேசட்டில் எடுங்கள், அதைத்தான் மாற்ற முடியாது” என்கிறார் சித்தப்பா. சரியா? – வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை அம்மா. நான் வக்கீலாகத் தொடங்கிய காலத்தில் கோர்ட்டுக்கு வந்த வீஎச்எஸ் கேசட்டுகளைப் பார்த்தவன். நகலுக்கு நகல் முகம் மங்கும், குரல் இரையும். நாடாவில் பூஞ்சை வேறு. டிஜிட்டல் நகல் அசலேதான். ஒரு நொடியை வெட்டினாலும் கோப்பின் ஹாஷ் எண் மாறிவிடும்; அது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும், கைரேகை போன்ற எண். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழில் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். எடுத்த அன்றே அதைக் குறித்துவிடுங்கள். மெமரி கார்டில் கை வைக்காமல் உறையிலிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி போதாது. அது வீடியோவைச் சுருக்கிவிடும். அப்புறம், வீடியோ இருந்தாலும் உயிலில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம் வேண்டும்.