ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டாக ஐசியூவில் தினமும் இதே வேலைதான். பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டைப் புதுப்பிக்க மறுபடியும் வகுப்பில் உட்கார வேண்டுமா?

வேண்டும். கடலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை, கார்டு அடுத்த மாதம் முடிகிறது, ஹெச்ஆரிலிருந்து போன் மேல் போன் வருகிறது, "தினமும் அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) பிடிக்கிற எனக்கு அந்த வகுப்பில் புதிதாக என்ன சொல்லித்தரப் போகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதே வேலையில் இருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த வகுப்புக்குப் போய் வருகிறேன். தினமும் பேக் பிடிக்கிறவர் என்பதாலேயே நீங்கள் கட்டாயம் போக வேண்டும் என்பதுதான் என் பதில்.

யாருக்காவது இதயம் நின்றுவிட்டால் மைக்கில் கோட் ப்ளூ என்று சொல்வார்கள், அதைக் கேட்டதும் நாம் ஓடிப்போய் நிற்கிற இடம் நோயாளியின் தலைமாடு. மாஸ்க்கை அழுந்தப் பிடிப்பது, சக்‌ஷன் போடுவது, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போனதும் அதைக் கட்டுவது, பேக் அழுத்துவது, வென்டிலேட்டரைத் தயார் செய்வது எல்லாம் நம் பொறுப்பு. நெஞ்சை அமுக்குவது பெரும்பாலும் நர்ஸ், இல்லாவிட்டால் ட்யூட்டி டாக்டர் அல்லது இன்டர்ன். வருடக்கணக்கில் இப்படியே போவதால் நம்மிடம் இரண்டு காரியம் நடக்கிறது. நெஞ்சு அமுக்கும் பழக்கம் விட்டுப்போகிறது. மூச்சு கொடுக்கும் கை வேகம் பிடிக்கிறது. எனக்குப் பெரிய கவலை இரண்டாவதைப் பற்றித்தான்.

இதயம் நின்றுபோன ஒரு பெரியவருக்கு ட்யூப் போட்ட பிறகு 6 நொடிக்கு ஒரு மூச்சு போதும், நிமிடத்துக்கு 10. மூச்சுத் திணறலோடு வரும் நோயாளிக்கு நாம் கொடுக்கிற வேகம் இதைவிட அதிகம், கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருப்பார். மானிட்டர் கத்தும். கதவுக்கு வெளியே சொந்தக்காரர்கள் அழும் சத்தம் கேட்கும். அந்தப் பதற்றம் நேராக விரலுக்கு இறங்கிவிடும். "மூச்சே கொடுக்காமல் நிற்கிறோமே" என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். உடனே ஒரு அழுத்து, அது அடங்குவதற்குள் இன்னொரு அழுத்து.

அதிக மூச்சு என்ன செய்யும் என்பது நாம் படித்த பாடம்தான். பேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது, இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய ரத்தம் குறைகிறது. நிரம்பாத இதயத்தை எவ்வளவு நன்றாக அமுக்கினாலும் மூளைக்குப் போக ரத்தம் இருக்காது. ட்யூப் போடாதவராக இருந்தால் காற்று வயிற்றுக்குள் போய், உள்ளே இருப்பது மேலே வந்து, நுரையீரலில் இறங்கும். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வை எங்கள் ஜூனியர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் பணியாளர்கள் களத்தில் எவ்வளவு வேகமாக மூச்சு கொடுக்கிறார்கள் என்று அளந்தார்கள். சராசரி நிமிடத்துக்கு 30 வந்தது. அதே குழு பன்றிகளை வைத்துச் செய்த சோதனையில், நிமிடத்துக்கு 12 மூச்சு பெற்ற 7 பன்றிகளில் 6 பிழைத்தன, 30 மூச்சு பெற்ற 7இல் ஒன்றுதான் பிழைத்தது. இதைப் படித்ததிலிருந்து தலைமாட்டில் நின்றால் வாய்விட்டே எண்ணுகிறேன்.

அளவிலும் இதே சிக்கல் இருக்கிறது. பெரியவர்களுக்கான பேக்கில் சுமார் ஒன்றரை லிட்டர் காற்று இருக்கும், நமக்குத் தேவையோ 500 முதல் 600 மில்லி. ஒரு நொடியில் கொடுத்து, நெஞ்சு எழுவது கண்ணுக்குத் தெரிந்ததும் விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கத்து விரல்களும் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்குப் பேக்கைப் பிழிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதனால் வகுப்பில் போய் உட்கார்ந்ததும் இன்ஸ்ட்ரக்டரிடம் நீங்கள் ஆர்டி (ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்) என்று சொல்லிவிடுங்கள். ட்யூப் போட்ட நோயாளி என்று வைத்துக்கொண்டு 2 நிமிடம் பேக் அழுத்துகிறேன், எனக்குத் தெரியாமல் எண்ணுங்கள் என்று கேளுங்கள். 20 மூச்சுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பக்கத்தில் ஒருவர் மேனிகினை (பயிற்சி பொம்மையை) அமுக்கிக்கொண்டே இருக்கட்டும், அப்போதுதான் நம் கையின் குணம் வெளியே வரும். போன முறை எங்கள் ஜூனியர் பெண் ஒருத்தி இதைச் செய்துவிட்டு, "அக்கா, இவ்ளோ மெதுவாவா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, இவ்ளோ மெதுவாத்தான்" என்றேன். அவள் நம்பவில்லை, கடிகாரத்தைப் பார்த்து மறுபடி செய்தாள். அந்த அவநம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

நெஞ்சு அமுக்குவதற்கு வருவோம். இந்தத் திறமை வகுப்பு முடிந்த சில மாதங்களிலேயே குறையத் தொடங்கிவிடும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இரண்டு வருடம் என்பது கார்டின் ஆயுள்தான், கையின் ஆயுள் அதைவிடக் குறைவு. குறைந்தது 5 செ.மீ. ஆழம், 6ஐத் தாண்டக்கூடாது, ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழ வேண்டும். களைத்தவர்கள் உடம்பைச் சாய்த்துக்கொண்டு அமுக்குவார்கள், அப்போது நெஞ்சு முழுதாக எழாது. ஆழத்தையும் வேகத்தையும் விளக்கு எரிந்து காட்டுகிற மேனிகின் இப்போது பல பயிற்சி மையங்களில் இருக்கிறது, அதில் செய்து பாருங்கள். உயரம் குறைவானவர்கள் ஸ்டூல் போட்டு நிற்கக் கூச்சப்பட வேண்டாம், ஐசியூ கட்டிலின் உயரத்துக்கு எனக்கும் ஸ்டூல் வேண்டும்.

இன்னொன்றையும் நம் ஆட்கள் மனசில் வைக்க வேண்டும். நெஞ்சு அமுக்குவதை நிறுத்தும் இடைவெளி 10 நொடிக்குள் இருக்க வேண்டும். நாடி பார்ப்பதற்கும் அதே 10 நொடிதான் உச்சவரம்பு. ஆனால் "ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்ற குரல் பெரும்பாலும் தலைமாட்டிலிருந்துதான் வருகிறது. ட்யூப் போட, ட்யூப் சரியாக இருக்கிறதா என்று கேட்க, டேப் ஒட்ட. இதில் டேப் ஒட்டுவதற்கெல்லாம் யாரும் நிறுத்தத் தேவையே இல்லை. வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் ட்யூப் இருக்கும் இடத்தை அலை வடிவமே சொல்லும். அதில் காட்டும் எண் 10க்குக் கீழே கிடந்தால் அமுக்குவது போதவில்லை என்று டீமுக்குச் சொல்ல வேண்டியவரும் நாம்தான், அந்தத் திரையை எல்லாரையும்விட அதிகம் பார்க்கிறவர்கள் நாம்.

புதிதாக என்ன என்றால், 2025 அக்டோபரில் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் புது வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உங்கள் பழைய கார்டு 2020 பாடத்தில் எடுத்ததாக இருக்கும். தொண்டையில் அடைத்துக்கொண்ட பெரியவருக்கு இப்போது முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்து என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறார்கள். கைக்குழந்தைக்கு இரண்டு விரல் நுனியால் அமுக்கும் முறையை எடுத்துவிட்டார்கள். ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ, இரண்டு கைகளாலும் குழந்தையின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களாலோ அமுக்க வேண்டும். குழந்தைகளுக்கு ட்யூப் போட்ட பிறகு 2 முதல் 3 நொடிக்கு ஒரு மூச்சு. பெரியவர் கணக்கும் குழந்தை கணக்கும் இப்படி விலகியிருப்பதால் ஒரே கை இரண்டு வேகம் கற்க வேண்டியிருக்கிறது. என்ஐசியூவிலும் (பச்சிளம் குழந்தைகளுக்கான ஐசியூ) வேலை பார்க்கிறவராக இருந்தால், அப்போதுதான் பிறந்த குழந்தைக்கு 3 அமுக்கலுக்கு 1 மூச்சு என்ற தனிக் கணக்கு. அது பிஎல்எஸ்ஸில் வராது, அதற்கு என்ஆர்பி என்ற பச்சிளம் குழந்தை உயிர்காப்புப் பயிற்சி தனியாக எடுக்க வேண்டும்.

மூச்சைக் குறையுங்கள் என்று இவ்வளவு சொன்ன நானே, ஒரு இடத்தில் மூச்சுக்காகச் சண்டை போடுவேன். நம் ஊர் கடற்கரை ஊர். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் அலையில் இறங்கியவர்களை இழுத்துப் போடும் காட்சி நமக்குப் புதிதில்லை. நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாமல்தான், அவருக்கு நெஞ்சை மட்டும் அமுக்கினால் ஆக்சிஜன் இல்லாத ரத்தத்தையே சுற்றிவிடுகிறோம். பயிற்சி பெற்றவர்கள் அவருக்கு மூச்சிலிருந்தே தொடங்கலாம். கரையில் கூடுகிற கூட்டம் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்கும், தலைகீழாகத் தூக்கும். அந்த நிமிடங்கள் வீண், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் சேரும். விடுமுறை நாளில் சில்வர் பீச்சுக்குக் குடும்பத்தோடு போகிற உங்களுக்கும் எனக்கும் எந்தக் கணத்திலும் இந்த வேலை வரலாம், அங்கே வென்டிலேட்டரும் இருக்காது, டீமும் இருக்காது. வகுப்பில் பாக்கெட் மாஸ்க் (வாயால் ஊதி மூச்சு கொடுக்க உதவும் மாஸ்க்) பயிற்சி வரும்போது, "எனக்குத் தேவைப்படாது" என்று தள்ளிவிடாதீர்கள்.

வீட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் கேட்டால் அவர்களுக்கு பிஎல்எஸ் முழுவதும் வேண்டாம். இந்தியன் ரிசசிடேஷன் கவுன்சில் பொதுமக்களுக்கென்றே மூச்சு இல்லாமல், அமுக்குவது மட்டும் கொண்ட ‘கோல்ஸ்’ முறையை வகுத்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்து, 108க்கு அழைக்கச் சொன்னால் போதும்.

பிஎல்எஸ் வகுப்பில் விரிவாக வராத, ஆனால் நமக்கு மட்டும் அடிக்கடி வருகிற இரண்டு நிலைமைகளை இடைவேளையில் இன்ஸ்ட்ரக்டரோடு பேசிவிடுங்கள். ஒன்று, தொண்டையில் ட்ரக்கியாஸ்டமி துளையால் மூச்சு விடுபவர். வாயில் மாஸ்க் வைத்து அழுத்துவதற்கு முன் கழுத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ட்யூப் இருந்தால் பேக்கை அதிலேயே மாட்டலாம், வெறும் துளையாக இருந்தால் குழந்தை அளவு மாஸ்க்கை அதன் மேல் பொருத்தலாம். மற்றது, வென்டிலேட்டரில் இருக்கும் ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளி திடீரென்று சரிவது. உள்ளே காற்று தேங்கி அழுத்தம் ஏறியிருக்கலாம். வென்டிலேட்டர் குழாயைக் கழற்றி, தேங்கிய காற்று வெளியே வர நேரம் கொடுத்தால் சிலருக்கு நாடி திரும்பிவிடும். இதைக் கவனித்துச் சொல்ல ஆர்டியைவிடப் பொருத்தமான ஆள் அறையில் இல்லை.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்டில் எந்த மாதம் போட்டிருக்கிறதோ அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். அதைத் தாண்டினால் சில மையங்கள் சுருக்கமான புதுப்பித்தல் வகுப்பில் சேர்க்காமல் முழு வகுப்புக்கு வரச் சொல்லும், ஆகவே முடிவதற்கு முன்பே இடம் பிடியுங்கள். பாடத்தை ஆன்லைனில் முடித்துவிட்டு, செய்முறைக்கு மட்டும் நேரில் போகும் வழியும் இருக்கிறது. செய்முறையே இல்லாமல், முழுக்க ஆன்லைனில் கார்டு தருகிறோம் என்று வரும் விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள், மேனிகினைத் தொடாமல் அசல் பிஎல்எஸ் கார்டு கிடைக்காது. எழுத்துத் தேர்வு 25 கேள்விகள், 84 சதவீதம் எடுக்க வேண்டும். வளைகுடா வேலைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் எந்த அமைப்பின் கார்டை ஏற்பார்கள் என்று அங்கே கேட்டுவிட்டுச் சேருங்கள். இங்கேயே இருப்பதானாலும் என்ஏபிஹெச் என்ற மருத்துவமனைத் தரச்சான்று வைத்திருக்கும் மருத்துவமனை உங்கள் சிபிஆர் (நெஞ்சு அமுக்கி மூச்சு கொடுப்பது) பயிற்சிப் பதிவைக் கட்டாயம் கேட்கும். ஹெச்ஆர் விடாமல் போன் செய்வது அதற்காகத்தான், அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம்.

கடைசியாக, நைட் ட்யூட்டி முடித்துவிட்டு நேராக வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். தூக்கமில்லாத உடம்போடு 2 நிமிடம் அமுக்கினால் சாய்ந்துதான் அமுக்குவீர்கள், இன்ஸ்ட்ரக்டர் சொல்வதும் காதில் ஏறாது. இன்சார்ஜிடம் முதல் நாள் இரவு ஆஃப் கேளுங்கள், பயிற்சிக்காக என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். புதுச்சேரியில் வகுப்பு என்றால் மஞ்சக்குப்பத்திலிருந்து காலையில் சீக்கிரமே பஸ் ஏறிவிடுங்கள். கிருமாம்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் வரும்போது ஆபீஸ் நேரக் கூட்டம் சேர்ந்துவிடும்.