சமூகப்பணி படிப்பவர்களுக்கு ‘மனித வளர்ச்சி’ பாடம் களத்தில் எதற்கு உதவும்?

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “கருவிலிருந்து முதுமை வரை மனித வளர்ச்சி என்று ஒரு பாடம் இருக்கிறது. எரிக்சனின் 8 நிலைகள், பியாஜேயின் 4 நிலைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறேன். ஆனால் களப்பணிக்குப் போனால் இதில் எதுவும் கைகொடுக்க மாட்டேன் என்கிறது. இதை எப்படிப் படிப்பது?”

எரிக்சன், பியாஜே இருவரும் மனித வளர்ச்சியை வயதுவாரியாக நிலைகளாகப் பிரித்துச் சொன்ன உளவியலாளர்கள். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். அது எனக்குப் புரிந்தது திண்டுக்கல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில்தான். அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்காரர் கொத்தனார். வேலை முடிந்து வண்டியில் திரும்பும்போது விபத்து. நான் போனது 20-ஆம் நாள்; காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கலைந்திருந்தது. வீட்டில் 5 பேர். அவருடைய அம்மாவுக்கு 66 வயது, மனைவிக்கு 33. பத்தாவது படிக்கும் பெரியவனுக்கு 15, நாலாவது படிக்கும் பெண்ணுக்கு 9, பால்வாடிக்குப் போகும் சின்னவனுக்கு 4. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்து அறிக்கை எழுதினேன்: “குடும்பம் ஆழ்ந்த துயரத்தில் உள்ளது. பொருளாதார உதவியும் கவுன்சலிங்கும் தேவை.”

எங்கள் களப்பணி மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “குடும்பம்னா யாரும்மா? அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரியா நடந்திருக்கு?”

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுபடி போனேன். இந்த முறை ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்தேன்.

சின்னவன் ராத்திரியில் தூங்குவதில்லை என்று அம்மா சொன்னார். கண் சொக்கும், உடனே எழுந்து உட்கார்ந்து அழுவான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவனோடு மண்ணில் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான்: “அப்பா தூங்குனாருல்ல, அப்புறம் தூக்கிட்டுப் போயிட்டாங்க.” அன்றைக்கு வீட்டுப் பெரியவர்கள் குழந்தை பயந்துவிடக் கூடாதே என்று “அப்பா தூங்குறாருடா” என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் கணக்கில் தூங்கினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு எப்படித் தூங்குவான்?

பியாஜே 2 முதல் 7 வயது வரை என்று பிரித்துச் சொல்லும் நிலையை நான் பரீட்சையில் 10 மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தேன். அந்த வயதுக் குழந்தை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும், உலகத்தில் நடப்பதைத் தன்னை வைத்தே விளங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் அதில் இருந்தது. மரியா நாகி என்ற ஆய்வாளர் புடாபெஸ்ட்டில் 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு, 1948-இல் முடிவை வெளியிட்டார். 5 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சாவை ஒரு பயணம் போல, ஒரு தூக்கம் போலச் சொன்னார்கள். போனவர் திரும்பி வரலாம். 9 வயதுக்கு மேல்தான், இது எல்லோருக்கும் வரும், வந்தால் திரும்ப முடியாது என்று தெளிவாகச் சொன்னார்கள். நடுவில் உள்ளவர்கள் சாவை ஒரு ஆளாகவே பார்த்தார்கள் என்றும் அவர் எழுதினார். அது மட்டும் பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவாகத் தென்படவில்லை. ஊருக்கு ஊர் மாறுகிறது போலும்.

அம்மாவிடம் பேசி, பையனிடம் நேராகச் சொல்ல வைத்தோம்: “அப்பா செத்துட்டாரு. அவரு உடம்பு வேலை செய்யாது. தூங்குறது வேற, சாகுறது வேற. நீ தூங்குனா காலைல எந்திரிப்ப.” அந்த அம்மாவுக்கு ‘செத்துட்டாரு’ என்ற சொல் வாயில் வரவே இல்லை. மூன்றாவது நாள்தான் சொன்னார். அப்புறம் அதையே பையன் பத்துத் தடவை கேட்டான், பத்துத் தடவையும் சொன்னார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்: “நீ எதுவும் செய்ததால அப்பா போகல.” முந்தின நாள் அடம்பிடித்து அப்பாவிடம் அடி வாங்கியிருந்தான். எரிக்சன் 3 முதல் 6 வயது வரையிலான நிலையின் பெயரில் ஏன் குற்றவுணர்வு என்ற சொல்லைப் போட்டார் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

9 வயதுப் பெண்ணைப் பற்றி எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “அவ தங்கம், ஒரு தொந்தரவும் இல்ல.” இப்படி யாராவது சொன்னால் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காருங்கள். அவளுக்குச் சாவு முழுசாகவே புரிந்திருந்தது. புரிந்ததால் ராத்திரி எழுந்து அம்மா மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாளாம். பள்ளிப் பையில் அடியில் ரேங்க் கார்டு மடிந்து கிடந்தது. அதில் வரிசையாக அப்பாவின் கையெழுத்து. காலாண்டுக்கான கட்டம் காலி. “யாருகிட்ட கையெழுத்து வாங்குறதுன்னு தெரியல, அதான் காட்டல” என்றாள். 6 முதல் 12 வயது வரை குழந்தைக்கு உலகமே பள்ளிக்கூடமும் தன்னால் எது முடியும் என்பதும்தான். அவள் இழப்பு அந்தக் காலிக் கட்டத்தில்தான் தெரிந்தது. அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வகுப்பாசிரியரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

பெரியவன் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. கொள்ளி வைத்தவன் அவன். மொட்டைத் தலையோடு நின்றவனிடம் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்: “இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள.” அவனும் அப்பாவின் கரண்டியையும் மட்டப்பலகையையும் துடைத்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தை நிறுத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். விடலைப் பருவம் என்பது நான் யார் என்று தேடிப் பார்க்கும் வயது. தேடாமலே, அடுத்தவர் கொடுத்த அடையாளத்தைச் சட்டைபோல் போட்டுக்கொள்வதை ஜேம்ஸ் மார்சியா 1966-இல் ஒரு தனி நிலையாகவே பிரித்துக் காட்டினார். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, “படிக்கிற பையன், வேலையெல்லாம் கூடவே கூடாது” என்று ஒரேயடியாகப் பேசினேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் போனாலே வெளியே போய்விடுவான்.

என் தவறு என்ன என்று எனக்குக் காட்டியது கிளென் எல்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரின் வேலை. உங்கள் பாடத்தில் இவர் பெயர் ஒரு வரியில் வந்து போயிருக்கும். என்னைக் கேட்டால் சமூகப்பணி மாணவர் முதலில் படிக்க வேண்டியவர் இவர்தான். கலிஃபோர்னியாவில் 2 குழுக் குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்திருந்த பதிவுகள் இருந்தன. அவற்றைத்தான் எல்டர் ஆராய்ந்தார். ஓக்லாந்துக் குழு 1920, 21-இல் பிறந்தவர்கள். பெர்க்லிக் குழு 1928, 29-இல் பிறந்தவர்கள். 1929-இல் தொடங்கிய பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி இரண்டு ஊரையும்தான் அடித்தது. ஆனால் ஓக்லாந்துப் பிள்ளைகள் அப்போது விவரம் தெரிந்த வயதில் இருந்தார்கள். பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலையைத் தாங்கினார்கள். அந்தப் பொறுப்பே பலரை நிமிர்த்தி நிறுத்தியது. பெர்க்லிப் பையன்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. அவர்கள் அப்போது கைக்குழந்தைகள். வேலையிழந்த அப்பாவின் கோபத்தையும் வீட்டுச் சண்டையையும் பார்த்துக்கொண்டு, எதுவும் செய்ய முடியாமல் வளர்ந்தவர்கள். தன்னம்பிக்கையிலும் படிப்பிலும் பின்தங்கினார்கள். ஒரே பஞ்சம்தான். அது வந்து சேர்ந்தபோது யாருக்கு என்ன வயது என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே 15 வயதுப் பையனுக்குப் பொறுப்பே விஷம் என்று நான் நினைத்தது தப்பு. அப்பா செய்த வேலையில் கை வைக்க அவன் ஆசைப்பட்டது அவனுடைய துக்கம். பள்ளியை விட்டு நிற்பதுதான் ஆபத்து. பெரியவர் ஒருவரை, அவன் அப்பாவோடு வேலை பார்த்தவரை, வீட்டுக்கு வரச் சொன்னோம். “பரீட்சை முடிச்சிட்டு லீவுல வாடா, நான் கத்துத் தர்றேன்” என்று அவர் சொன்னதை அவன் கேட்டான். என் பேச்சைக் கேட்டிருக்க மாட்டான். இன்றைக்கு இதே சூழ்நிலை என்றால், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது.

அந்த அம்மாவுக்கு 17 வயதில் கல்யாணம், 18-இல் முதல் குழந்தை. ரேஷன் கடையைத் தாண்டி எந்த அலுவலகத்துக்கும் தனியாகப் போனதில்லை. வங்கியில் பணம் எடுக்கும் செலானைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “பேரு எழுதுற இடத்துல அவரு பேரா, என் பேரா மேடம்?” எரிக்சன் பட்டியலில் 33 வயது என்றால் நெருக்கமும் அடுத்த தலைமுறையை ஆளாக்குவதும் என்று இருக்கும். இவர் நின்றுகொண்டிருந்ததோ மகன் நின்ற அதே கேள்விக்கு முன்னால்: நான் யார்? ஒவ்வொரு படியாக ஏறி எல்லோரும் போவதில்லை. சிலருக்குச் சில படிகளைப் பிறர் தாண்டவைத்துவிடுகிறார்கள். பின்னால் அதே படிக்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

நம் இலக்கணத்தில் பெண்ணுக்குச் சொன்ன 7 பருவங்களை நினைத்துப் பாருங்கள். பேதையில் தொடங்கி, 32 முதல் 40 வரை பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடும். அதற்குமேல் பெயரே இல்லை. மாறாகப் பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, வருகை என்று தலை நிமிர்த்துவதும் கை தட்டுவதும் தளர்நடை நடப்பதும் எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறார்கள்! எந்த வயதை உற்றுப் பார்ப்பது என்று ஒவ்வொரு சமூகமும் முடிவு செய்துகொள்கிறது. எரிக்சனின் 8-ஆம் நிலைக்கு அப்பால் ஒரு 9-ஆம் நிலை உண்டு என்று எழுதியது அவர் மனைவி ஜோன் எரிக்சன். தானே 90 வயதைத் தாண்டி நின்று பார்த்த பிறகுதான் அதை எழுதினார்.

அதனால்தான் அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் மருமகளிடம் போனார்கள், பிள்ளைகளைத் தடவிக்கொடுத்தார்கள். அவர் மூலையில் முறத்தை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே புடைத்த அரிசியையே மறுபடி மறுபடி புடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், “எம் பிள்ளைதானம்மா அவன்” என்றார். அவ்வளவுதான். 20 நாளில் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்து நிறைவு காண வேண்டிய வயதில், தான் இருக்கப் பிள்ளை போய்விட்டானே என்ற கணக்கு அவருக்கு நேர்படவே இல்லை. ஒரு நடைமுறைக் குறிப்பும் சொல்லிவிடுகிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாய் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகளோடு அவருக்கும் சமபங்கு. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுக்கும்போது தாயின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எப்படிப் படிப்பது என்றீர்கள். நான் இன்றுவரை செய்வது இதுதான். குடும்ப வரைபடம் போடும்போது ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் பிறந்த ஆண்டை எழுதுங்கள். வெள்ளம், கடன், சாவு, சிறை, இடப்பெயர்வு என்று அந்த வீட்டில் நடந்த பெரிய நிகழ்வுகளின் ஆண்டுகளை மேலே எழுதுங்கள். நிகழ்வின் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துப் பாருங்கள். அந்த எண் கிடைத்த பிறகு பாடப் புத்தகத்தைத் திறந்து அந்த வயதின் பக்கத்தைப் படியுங்கள். ஒரு வருடம் இப்படிச் செய்தால் 8 நிலைகளும் 8 முகங்களாக மனதில் நின்றுவிடும்.

நிகழ்வு நடந்த வயதிலேயே ஆள் முடிந்துவிடுகிறான் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஹவாயில் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் அவருடைய குழுவினரும் பெரியவர்களாகும்வரை தொடர்ந்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சிக்கல் என்று பல சுமைகளோடு பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்து நின்றார்கள். அவர்களைக் கைவிடாத ஒரு பெரியவராவது பக்கத்தில் இருந்தார், பல வீடுகளில் அது தாத்தா பாட்டிதான். விடலை வயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் 30, 40 வயதுக்குள் தேறிவிட்டார்கள்.

6 வருடம் கழித்து அந்த அம்மாவை ஒரு அலுவலக வாசலில் பார்த்தேன். விண்ணப்பத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். சின்னவனுக்கு அப்போது 10 வயது. “இப்பத்தான் மேடம் மறுபடி கேட்க ஆரம்பிச்சிருக்கான்” என்றார். அப்பா எப்படிச் செத்தார், வலித்திருக்குமா, ஆஸ்பத்திரிக்கு ஏன் சீக்கிரம் கொண்டுபோகவில்லை என்று கேள்விமேல் கேள்வியாம். நாலு வயதில் புரிந்தது நாலு வயதுக்கான சாவு. பத்து வயதில் அவன் புதிதாக இழந்துகொண்டிருந்தான். “நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். “நான் சொல்லல. அவங்கக்காதான் ராத்திரி பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னா” என்றார்.