அவர் இல்லாத கலியாண நாள்

வணக்கம் ஐயா,
இவர் போய் ஆறு மாதம். வாற செப்டெம்பர் 12 எங்கட 35ஆவது கலியாண நாள். பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். வீடியோவில் கேக் வெட்டுவோம் என்கினம். மச்சாள், வருடம் முடிய வாற ஆட்டைத் திவசம் முடியாமல் ஒன்றும் கொண்டாடக் கூடாது என்கிறா. எனக்கு அந்த நாள் வராமலே போனால் நல்லது. 35 என்று சொல்லலாமா, 34ஓட நின்றிட்டுதா?
பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

அன்புள்ள அக்கா,

35தான். தாலி ஏறி 35 வருடம் நிறைகிறது. அதை ஒருவரும் குறைக்க முடியாது.

மச்சாள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆட்டை முடியும்வரை பொங்கல், தீபாவளி என்று எதையும் கொண்டாடாமல் விடுவது நம்மிடையே வழக்கம். கேக்கை இந்த வருடம் விட்டுவிடுங்கள். ஆனால் திவசம் திதி பார்த்து, ஐயரை வைத்துச் செய்யும் கிரியை. கலியாண நாள் இங்கிலிஷ் திகதிக்கு வருவது, அதற்குக் கிரியை என்று ஒன்றில்லை. படத்துக்கு விளக்கேற்றி, பூ வைத்து, அவருக்குப் பிடித்த கறியைச் சமைத்துப் படைத்தால் எதுவும் பிழைத்துப்போகாது.

அந்தப் பகல் சாப்பாட்டுக்கு மச்சாளையே கூப்பிடுங்கள். அவவும் கூடப்பிறந்தவரைப் பறிகொடுத்தவ. இன்னொரு காரணமும் இருக்கிறது. இத்தனை வருடம் இரண்டு பேருக்கு அளந்த கை, அரிசி அளக்கும் சுண்டுப் பேணியை நிரப்பித்தான் அள்ளும். சாப்பிட்டு எழும்பும்போது பானையில் மிஞ்சிக் கிடக்கும் அந்த ஒருவர் சோறுதான் பலரையும் உடைத்துப்போடுகிறது. மச்சாள் வந்தால் அளவை மாற்ற வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு இப்போதே ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அங்கே 12 அடித்ததும் எடுப்பார்கள்: லண்டன் அழைப்பு இங்கே விடியற்புறம் 4.30க்கு வரும், ரொறன்ரோ அழைப்பு காலை 9.30க்கு. இரண்டு தரம் தனித்தனியே அழ வேண்டிவரும். கொழும்பில் இரவு 7 மணி என்று வையுங்கள்; லண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30. முகநூல் வைத்திருந்தால், பழைய படங்களைக் காட்டும் மெமரீஸ் செட்டிங்கில் அந்தத் திகதியை மறைத்துவிடச் சொல்லுங்கள்.

'வரட்டும், பார்ப்போம்' என்று மட்டும் விடாதீர்கள். ஒன்றும் தீர்மானிக்காத நாளுக்கு முந்திய வாரமே பாரமாகிவிடும். எடுத்துப் பேசலாமா என்று தெரியாமல் சொந்தக்காரரும் ஒதுங்கிவிடுவார்கள். தீர்மானித்ததை அன்று காலை செய்ய ஏலாவிட்டால், மச்சாளிடம் சொல்லிவிட்டுப் படுத்திருங்கள், அதுவும் சரி.

முதியோர் இல்லமொன்றுக்குச் சாப்பாடு கொடுக்க எண்ணினால் இன்றே கேளுங்கள், நாட்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். வீட்டில் சமைத்தால் 40 பேருக்கு 4 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு போதும். தேங்காய்ப்பால் கறியைச் சூட்டோடு மூடிக் கட்டாதீர்கள். ஆவி உள்ளே நின்று இந்த வெக்கைக்குப் பகலுக்குள் புளித்துவிடும். யார் பெயரில் என்று இல்லத்தில் கேட்பார்கள். இரண்டு பேரின் பெயரையும் கொடுங்கள்.