எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தது?

22 செப்டம்பர் 1914 இரவு மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதுதான் நமக்குத் தெரிந்த எம்டன். 'சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

எம்டன் 1909இல் சேவைக்கு வந்த ஜெர்மன் போர்க்கப்பல். நிலக்கரியில் ஓடியது: 12 கொதிகலன்கள், பிஸ்டன் நீராவி எஞ்சின்கள். முதல் உலகப் போர் தொடங்கியதும் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தன் படையணியைப் பிரிந்து தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார். போலியாக நான்காவது புகைபோக்கி கட்டி, பிரிட்டிஷ் கப்பல் போலக் காட்டிக்கொண்டார்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உயிரே நிலக்கரிதான். தனிக்கப்பலுக்குக் கரி கொடுக்கத் துறைமுகம் ஏது? பிடித்த கப்பல்களிலிருந்தே எடுக்க வேண்டும். வங்காளக் கரி மட்டமானது; அடர்த்தியான புகை கக்கிக் காட்டிக்கொடுக்கும். அதனால் செப்டம்பர் கடைசியில் பிரிட்டனின் தரமான கார்டிஃப் கரியோடு 'புரெஸ்க்' கப்பல் சிக்கியது பெரிய அதிர்ஷ்டம்.

அப்புறம் அக்டோபர் 28இல் பினாங்கில் ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கையும் ஒரு பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தது.

நவம்பர் 9, இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகள். தந்தி நிலையத்தை உடைக்க ஒரு குழு கரையிறங்கியது. தொலைவில் புகை தெரிந்தது. பிடித்துத் தங்களோடு வைத்திருந்த புரெஸ்க்தான் கரியோடு வருகிறது என்று நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல். அதன் பீரங்கிகள் பெரியவை. சிதைந்த எம்டனை முல்லர் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.