'டெடிகேட்டட்' என்றால் எதற்கு, மகள்?

மகள், ஹோட்டல் வேலைக்காக நீங்கள் அனுப்பிய சுயவிபரக் கோவையை இரண்டு தடவை வாசித்தேன். உயர்தரப் பெறுபேறு, கணினிப் பாடநெறி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. முதல் வரியில்தான் நின்றுவிட்டேன். 'ஐ ஆம் எ டெடிகேட்டட் பேர்சன்', அதாவது அர்ப்பணிப்புள்ள ஆள் என்று தொடங்கியிருக்கிறீர்கள். கீழே திறமைகள் பகுதியில் மறுபடியும் டெடிகேட்டட். கவர் லெட்டரில் மூன்றாவது தடவை.

ஹட்டன், கொட்டகலைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் கோவைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இந்தச் சொல் இருக்கிறது. ஒருவருடையதைப் பார்த்து மற்றவர் எழுதுவதால் அப்படி. நல்ல சொல்தான், அதை விடச் சொல்லவில்லை. இடம் பார்த்து வையுங்கள் என்கிறேன்.

இலத்தீனிலிருந்து வந்த சொல் இது. ஒரு கோயிலையோ பலிபீடத்தையோ 'இது இந்தத் தெய்வத்துக்கு உரியது' என்று அறிவித்து ஒப்படைப்பதுதான் பழைய பொருள். நம் தோட்டங்களில் சேவலை நேர்ந்து விடுகிறோமே, அது மாதிரி. நேர்ந்து விட்ட சேவலை வேறு காரியத்துக்கு எடுக்க மாட்டோம். 'நேர்ந்து விட்டது' என்று யாராவது சொன்னால், உடனே 'எந்தச் சாமிக்கு?' என்று கேட்போம். டெடிகேட்டட் என்று வாசிக்கிறவருக்கும் அந்தக் கேள்விதான் எழும்: எதற்கு?

அதனால்தான் 'டெடிகேட்டட் டீச்சர்' என்றால் நன்றாக இருக்கிறது. எதற்கு என்பதை டீச்சர் என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. 'டெடிகேட்டட் பேர்சன்' என்றால் ஒன்றும் விளங்காது. பொருட்களுக்கும் இடங்களுக்கும்கூட இந்தச் சொல் வரும். ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய தொலைபேசி இணைப்பு டெடிகேட்டட் லைன். 1925இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை, தேயிலை ஆராய்ச்சிக்கு டெடிகேட்டட் ஆன நிறுவனம் என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்தது இலக்கணம். கவர் லெட்டரில் 'டெடிகேட்டட் டு சேர்வ் த கெஸ்ட்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'சேர்விங்' என்று வர வேண்டும். இந்த 'டு' நம் நான்காம் வேற்றுமை 'கு' போன்றது. தமிழில் 'வேலைக்கு' என்கிறோம். வினை வந்தால் முதலில் 'உதவுவது' என்று பெயராக்கி, பிறகு 'உதவுவதற்கு' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பெயராக்கும் வேலையை 'இங்' செய்கிறது. கமிட்டட், டிவோட்டட் இரண்டுக்கும் இதே விதிதான்.

அந்த இரண்டையும் டெடிகேட்டட்டுக்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கமிட்டட் என்பதில் ஒரு வாக்குறுதி இருக்கிறது: எடுத்ததை இடையில் விடமாட்டேன் என்பது. பயிற்சி முடிந்ததும் பிள்ளை போய்விடுமோ என்று யோசிக்கும் முகாமையாளருக்கு அந்தச் சொல் காதில் விழும். டிவோட்டட் பாசம் கலந்தது. பிள்ளைகளுக்காகவே வாழும் தாய்க்குப் பொருந்தும், ஹோட்டல் வேலை விண்ணப்பத்துக்கு வேண்டாம். கவனமாக உழைப்பதைச் சொல்லும் டிலிஜென்ட் எனக்குப் பிடித்த சொல். இரண்டு இலையும் மொட்டுமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிற கை டிலிஜென்ட். அதன் இலத்தீன் வேருக்கு விரும்புதல், மதித்தல் என்று பொருள். உங்கள் அம்மாவின் வேலையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இன்னொன்று: கடும் உழைப்பைச் சொல்ல நினைத்து 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதிவிடாதீர்கள். அநேகமாக வேலையே செய்வதில்லை என்ற பொருள் வந்துவிடும். 'ஐ வொர்க் ஹார்ட்' போதும்.

சரி, முதல் வரிக்கு வருவோம். அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது 'நன்றாகப் பறித்தார்' என்று யாரும் பதிவதில்லை. எத்தனை கிலோ என்றுதான் பதிவார்கள். அதைப் பார்த்துத்தான் முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா என்பது. விண்ணப்பத்திலும் கிலோவை எழுதுங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாக மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதாகப் போனில் சொன்னீர்கள். கோவையில் அது எங்குமே இல்லையே! கேட்டபோது, 'அது சம்பளம் வாங்காத வேலைதானே சேர்' என்றீர்கள். சம்பளமில்லாமல் இரண்டு வருடம் விடாமல் நடத்தினீர்கள் என்பதுதானே நீங்கள் மூன்று தடவை எழுதிய சொல்லுக்குச் சாட்சி?

முதல் வரியை இப்படி மாற்றுங்கள்: 'உயர்தரம் முடித்தவள், இரண்டு வருடமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை ஆங்கில வகுப்பு நடத்துகிறேன்.' இதை ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள், நான் எழுதித் தரமாட்டேன். நேர்முகப் பரீட்சையில் அதைப் பற்றிக் கேட்டால் உங்கள் வாயிலிருந்து வர வேண்டுமல்லவா? எத்தனை பிள்ளைகள், வாரத்தில் எத்தனை நாள், எந்தத் தரம் என்பதையும் சேருங்கள். திறமைகள் பகுதியிலிருந்து டெடிகேட்டட்டை எடுத்துவிடலாம். கவர் லெட்டரில் ஒன்று இருக்கட்டும், 'சேர்விங்' என்று திருத்தி.

அப்புறம், 'டெடிகேட்டட்' என்று சொல்லும்போது அழுத்தம் முதல் அசையான 'டெ'யில் விழ வேண்டும். அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஆங்கிலம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் தயங்குகிற இடத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார்.